தீயணைப்பு வீடு – 9: இரண்டாவது சாட்சி

டணார்! டணார்! டணார்!

முற்றத்து மணியின் சத்தத்தில் மரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்.

"எங்கே தீ? எங்கே தீ?"

தீ எங்கும் இல்லை. தீயணைப்பு வண்டிகள் புதிய இடத்துக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிறது. அன்றிலிருந்து அந்த மணியைத் துடைத்தார்களே தவிர, யாரும் அடித்ததில்லை.

இப்போது கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவன் மகன். வார நாட்களில் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை ஆனால், அம்மா தலைவியாக இருக்கும் ஊர் வரலாற்றுக் குழுவுக்குச் சம்பளமில்லாத எடுபிடி.

"நிறுத்துடா!"

உள்ளேயிருந்து வந்த குரலில் மணியே அடங்கிப்போனது. பணிக்காலம் முழுவதும் வானொலியில் செய்தி வாசித்த குரல் அது. அம்மா எதைச் சொன்னாலும் அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

"ஆளுங்களைக் கூப்பிட வேற வழி இல்லையா? போன் எதுக்கு இருக்கு?"

"போன்ல போட்டா எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிட்டுத் திரும்பிப் படுத்துடுவாங்கம்மா. நீ முதல்ல வெளியே வந்து பாரு."

அம்மா வந்தாள். வாசல் கதவை ஒட்டிய சுவரில், ஆள் உயரத்துக்கு, நகராட்சி ஆள் சிவப்பு பெயிண்டில் போட்டுவிட்டுப் போன ஒரு பெருக்கல் குறி. பெயிண்ட் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிடம் பார்த்தாள்.

"கோணலா போட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய தீயணைப்பு நிலையம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிப் பிறந்த கட்டடம். இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரி பெரிய கதவு, ஒரே மாதிரி வளைவு, நடுவில் ஒரே ஒரு சுவர். தெருவிலிருந்து பார்த்தால் இடது பாதி வரலாற்றுக் குழுவின் வீடு. வலது பாதியில் பல் கிளினிக். பல் டாக்டர் வேறு யாருமில்லை, அம்மாவின் உடன்பிறந்த தங்கை. அந்தச் சுவருக்கு இருபுறமும் இருக்கும் அக்காவும் தங்கையும் பேசி எட்டு வருஷம் ஆகிறது.

புதிய பாலத்திலிருந்து இறங்கும் சாலைக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு பாதி வழி விட வேண்டும். எந்தப் பாதி முதலில் கட்டப்பட்டதோ அதைத் தொடக்கூடாது, பிறகு சேர்த்த பாதியை இடிக்கலாம் என்பது சட்டம். எது முதலில், எது பிறகு? நகராட்சியிடம் அதற்கு ஒரு காகிதமும் இல்லை. அவர்கள் கைக்குக் கிடைத்தது ஒரே ஒரு சான்று. அதுவும் வரலாற்றுக் குழு தன் வாசலில் தானே மாட்டி வைத்திருக்கும் படம்.

படத்தில் கோட்டு போட்ட ஒன்பது தீயணைப்பு வீரர்கள் விறைப்பாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பாதிக் கட்டடம் மட்டும். அதன் இடது பக்கம் வெறும் புல்தரை. கீழே கறுப்பு மையில் குழுவின் வாசகம்: 'முதலில் எழுந்தது வலது பாதி. இடது பாதி பின்னர் சேர்ந்தது.'

போன வாரம் வந்த நோட்டீஸில் இந்த இரண்டு வரியையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். குழு தன் வாயாலேயே தன் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஊரே சண்டைக்குத் தயாரானது. தலைவி மட்டும் பழைய போர்வைகளைச் சேகரித்து, படங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"பஸ் டிப்போவில டயர் அறை காலியா இருக்கு. பேசிட்டேன்," என்றாள் இப்போது, ஒரு படச்சட்டத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டே.

"டயர் அறையா?"

"நல்லா காய்ஞ்ச அறை. கரையான் கிடையாது. வரலாறு கொஞ்ச நாள் ரப்பர் வாசனையோட இருந்தா என்ன குறைஞ்சு போகுது?"

"அம்மா, மின்சார பில்லுல ஒரு ரூபா கூட வந்தா நீ ஆபீஸுக்கே போய் நிப்பே. வீட்டை இடிக்கறேங்கறான், மூட்டை கட்டறியே!"

"குழுங்கறது ஆளுங்கடா. சுவர் இல்ல. அந்த பீரோவை நகர்த்து, பின்னாடி இருக்கற படங்களை எடுக்கணும்."

நடுச்சுவரில் ஒரு காலத்தில் இரண்டு பாதிக்கும் பொதுவான கதவு இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் அம்மா அதன் முன்னால் ஒரு இரும்பு பீரோவை இழுத்து நிறுத்தினாள். அன்றிலிருந்து கதவு இருந்ததே பலருக்கு மறந்துவிட்டது.

மகன் பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். உள்ளே எதுவோ லேசாகக் 'கிண்' என்றது.

"மெதுவாடா! மெதுவா!" அம்மா ஓடியே வந்துவிட்டாள். "அடித்தட்டை மட்டும் நீ தொடாதே. அதை நானே கட்டிக்கறேன்."

"உள்ளே என்ன, தங்கமா?"

"பழைய சாமான். வேலையைப் பாரு."

அவன் வேலையைப் பார்த்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டே பார்த்தான்.

"பல்லு இன்னும் வலிக்குதா?" என்றாள் அம்மா, திரும்பாமலேயே.

"எந்தப் பல்லு?"

"உன் சித்தி போன மாசம் அடைச்சாளே, அந்தக் கடைவாய்ப்பல்லு. பின்பக்க வழியா போயிட்டு வந்தா எனக்குத் தெரியாதுன்னு நினைப்பா? கொட்டாவி விடும்போதெல்லாம் பளபளங்குது."

மகன் வாயை இறுக்க மூடிக்கொண்டான். இவளுக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியும், எதையெல்லாம் தெரியாத மாதிரி வைத்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. வாசலில் ஜீப் நின்றது.

நகராட்சி இன்ஜினியர் சின்ன வயதுக்காரர். சட்டை மடிப்புக் கலையாமல் வந்திறங்கினார். அவருக்குப் பின்னால், மணிச் சத்தம் கேட்டுப் பாதிச் சவரத்தில் ஓடிவந்த கமா.

கமா என்பது பட்டப்பெயர். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிலும் ஆங்காங்கே நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். குழுவின் விதிகளுக்கு அவர்தான் காவல்.

"மணி அடிச்சது, யாரு?" என்றார் கமா, சோப்பு நுரையோடு.

"நான்தான் சார்."

"நல்ல, காரியம்."

இன்ஜினியர் வரைபடத்தை மேஜையில் விரித்தார். குரலில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. "மேடம், எனக்கும் இந்த இடம் பிடிக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே சாலைக்கு முதல் தடவை அளந்தப்போ, நான் டேப் பிடிக்கற ஆளா வந்தேன். நீங்க டீ கொடுத்தீங்க. அப்புறம் பணம் இல்லைன்னு கிடப்புல போட்டுட்டாங்க. இப்போ பணம் வந்தாச்சு. மூணு மணிக்குக் கமிஷனர் கையெழுத்துப் போடறார்."

"இன்னிக்கேவா?" என்றான் மகன்.

"இன்னிக்கே. உங்க படத்தைத் தவிர வேற ஆதாரம் எதுவும் இல்ல. இருந்தா இப்பவே காட்டுங்க."

"ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா. "போட்டுக்கட்டும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம். பீரோ நகர்ந்த இடத்தில் கதவு நடுங்கியது, முனகியது, ஒரு உதை வாங்கியதும் திறந்துகொண்டது.

நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட கண்ணாடி, நீல நிறக் கையுறை, பச்சை அங்கி. பல் டாக்டர் நிலைப்படியில் நின்றாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படியில் அவள் கால்.

"வாயைத் திறந்து வச்சவரைப் பாதியில விட்டுட்டு வர முடியல. அதான் லேட்டு," என்றாள், குறிப்பாக யாரையும் பார்க்காமல். "மணி அடிச்சதுல அவர் என் விரலைக் கடிச்சிட்டார். யார் அடிச்சது?"

"நான்தான் சித்தி."

"பல்லு எப்படி இருக்கு?"

"சித்தி..."

"எல்லாம் தெரியும், விடு," என்றாள் அம்மா. அது மகனுக்குச் சொன்னதா தங்கைக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

பல் டாக்டர் நேராக வாசலுக்குப் போய், அந்தப் படத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவந்து வரைபடத்தின் மேலேயே வைத்தாள்.

"சார், இது தப்பான படம்."

இன்ஜினியர் நிமிர்ந்தார். "வேற கட்டடமா?"

"இதே கட்டடம்தான். ஆனா பக்கம் மாத்தி அச்சுப் போட்டிருக்கு. அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்ல எடுத்த படம் இது. ஸ்டுடியோக்காரன் தட்டைத் திருப்பி வச்சு அச்சடிச்சிட்டான். நான் நாள் பூரா குட்டிக் கண்ணாடியில பாத்துப் பாத்து வேலை செய்யறவ. எது இடம், எது வலம்னு என் கண்ணு தூக்கத்துலயும் சொல்லும்."

"உங்க கண்ணை நான் ஃபைல்ல வைக்க முடியாதே மேடம்."

"என் கண்ணு வேண்டாம். உங்க சட்டையைப் பாருங்க. பொத்தான் எந்தப் பக்கம் தச்சிருக்கு?"

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். மகனும் குனிந்தான். கமா, சட்டையே போடாமல் பனியனோடு ஓடிவந்ததை அப்போதுதான் கவனித்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"வலது பக்கம்," என்றார் இன்ஜினியர்.

"ஆம்பளைங்க சட்டை, கோட்டு எல்லாத்துலயும் அப்படித்தான். இப்போ இந்த ஒன்பது பேரைப் பாருங்க. ஒருத்தர் விடாம எல்லாருக்கும் அவங்கவங்க இடது பக்கம். ஒன்பது பேரும் வீட்டுக்காரி கோட்டை மாத்திப் போட்டுக்கிட்டு வந்தாங்களா?"

கமா சிரித்துவிட்டார். இன்ஜினியர் பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கோட்டாகப் பார்த்தார். ஒன்பதாவது கோட்டு வரை போய்விட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இதை நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் பல் டாக்டர். "ஆண்டுக் கூட்டத்துல, எழுபது பேருக்கு முன்னாடி. தலைவி என்ன சொன்னாங்க தெரியுமா? 'பல் பிடுங்கறவங்க பல்லைப் பாத்தா போதும்'னு. மைக்குல!"

மகனுக்கு நினைவிருந்தது. சித்தி அந்த நிமிடமே உறுப்பினர் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் பீரோ வந்தது.

"அப்போ படத்தைத் திருப்பினா," என்றான் மகன், மூச்சு வாங்க, "புல்தரை வலது பக்கம் போயிடும். முதல்ல கட்டினது இடது பாதி. இது! நம்ம பாதி! அம்மா, நம்ம வீடு நிக்கும்!"

அம்மா கையிலிருந்த போர்வையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இன்ஜினியர் பென்சிலை எடுத்தார். வரைபடத்தில் இடது பாதியின் மேலிருந்து நகர்ந்த பென்சில் வலது பாதியின் மேல் போய் நின்றது.

"அப்படின்னா, டாக்டர், இடிக்க வேண்டியது உங்க பாதி."

மகன் சித்தியைப் பார்த்தான். ஒரு நிமிடம் முன்னால் தான் துள்ளியது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பல் டாக்டர் கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"தெரியும் சார். உங்க நோட்டீஸ் ஒரு நகல் எனக்கும்தானே வந்தது? நாலு தடவை படிச்சேன். ஒரு வாரமா தூக்கம் இல்ல. வேற எப்படியாவது நின்னுடும்னு பாத்தேன். மணி அடிச்சதும் இனிமே தாங்காதுன்னு வந்துட்டேன். ஒரு நாற்காலி, ஒரு டிரில், ஒரு லைட். என் கடையை எங்க வேணா போடலாம். டயர் அறைப் பேச்சு சுவர் வழியா எனக்கும் கேட்டது. இந்தப் படங்கள்ல இருக்கற இத்தனை ஆயிரம் முகத்தைத் தூக்கிட்டுப் போய் டயரோட டயரா அடுக்க முடியுமா?"

"செல்லாது," என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இவங்க சொல்றது ஒரே ஒரு சாட்சி. குழுவில ஒரு விதி இருக்கு. கமா சார், சொல்லுங்க."

கமா திணறினார். அந்த விதி ஊருக்கே தெரியும். குழுவுக்கு எந்தப் படம் வந்தாலும் அதன் கீழே முதலில் பென்சிலில்தான் எழுதுவார்கள். இரண்டு வீட்டைச் சேர்ந்த இரண்டு பேர் உறுதி செய்த பிறகுதான் மை. ஒருவர் சொன்ன காரணத்தையே இன்னொருவரும் சொன்னால் அது ஒரு சாட்சிதான். இரண்டு பேர், இரண்டு வேறு ஆதாரம். இந்தக் கறார்த்தனத்தால்தான் நகராட்சியே இவர்கள் வாசகத்தை நம்புகிறது.

"விதி, அப்படித்தான்," என்றார் கமா. "மையில் எழுதினதை மாத்தவும், இரண்டு பேர் வேணும். ஆனா அம்மா, இது நம்ம வீட்டை, காப்பாத்தற..."

"வேண்டியவங்களுக்கு ஒரு விதி, வேண்டாதவங்களுக்கு ஒரு விதியா?"

"நான் சாட்சி சொல்றேன்," என்றான் மகன்.

"நீ இப்போ கேட்டு இப்போ நம்பினவன். அது சாட்சி இல்ல, சித்தி பாசம்."

"அந்த ஒரிஜினல் கண்ணாடித் தட்டு இருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்," என்றார் இன்ஜினியர். "மருந்து பூசின பக்கம் சொரசொரன்னு இருக்கும், மறுபக்கம் வழவழன்னு இருக்கும். வழவழப்பான பக்கமா பிடிச்சுப் பாத்தா நிஜம். என் மாமா ஸ்டுடியோ வச்சிருந்தார்."

"தட்டு உடைஞ்சு போச்சு சார்," என்றான் மகன். "பல வருஷம் ஆச்சு. அம்மாதான் சொன்னா."

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். "மன்னிச்சுக்குங்க. உங்க வாசகம் மாறலைன்னா வரைபடமும் மாறாது. இடது பாதின்னே போகட்டும்."

"ஒரு நிமிஷம் சார்."

பல் டாக்டர் அக்காவின் எதிரில் வந்து நின்றாள். எட்டு வருஷத்தில் இரண்டு பேருக்கும் முன்நெற்றியில் ஒரே இடத்தில் நரைத்திருந்தது.

"வீடு போனாலும் பரவாயில்ல, தங்கச்சிகிட்ட தோத்ததா இருக்கக்கூடாது. அவ்வளவுதானேக்கா?"

அம்மா மடித்த போர்வையை மேஜையில் வைத்தாள்.

"சரி, நீயே ஜெயிச்சுக்கோ. எனக்குக் கிளினிக் போறது பெருசு இல்ல. அன்னிக்கு நீ மைக்குல திட்டினதுகூடப் பெருசு இல்ல, வீட்டுக்கு வந்து சிரிச்சிருப்போம். நான் சொன்னதை நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிஜமா இருக்குமோன்னு திரும்பிக்கூடப் பாக்கலையே. நான் பொய் சொல்றவன்னு நினைச்சிட்டியே. சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு அது ஒண்ணைத்தான் தினம் நினைச்சேன்."

அவள் கதவை நோக்கித் திரும்பினாள்.

"நில்லுடி."

அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். பீரோவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அடித்தட்டின் பூட்டு சுலபமாகத் திறந்தது. அடிக்கடி திறந்து பழகிய பூட்டு.

உள்ளேயிருந்து அவள் எடுத்தது ஒரு பழைய துப்பட்டா. தங்கையுடையது. அந்த ஆண்டுக் கூட்டத்தன்று நாற்காலியில் மறந்துவிட்டுப் போனது. அதற்குள் எதையோ பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள். அம்மா மேஜைக்கு வந்து, துணியை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள்.

கண்ணாடித் தட்டு. ஒரு கீறல்கூட இல்லை.

இன்ஜினியர் அதை ஓரம் பிடித்துத் தூக்கினார். விரலால் தடவினார். வழவழப்பான பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒன்பது பேரும் இப்போது பக்கம் மாறி நின்றார்கள். புல்தரை வலது கைப்பக்கம் இருந்தது.

"இரண்டு வீடு, இரண்டு ஆதாரம்," என்றார் கமா மெல்ல. "ஒருத்தருக்கொருத்தர் எட்டு வருஷமா, பேச்சுவார்த்தையே இல்ல. இதைவிட சுத்தமான சாட்சி, இந்தக் குழுவுக்கு, கிடைச்சதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. மகன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உடைஞ்சு போச்சுன்னியேம்மா..."

அம்மா அவனைப் பார்க்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்தாள். அப்போது பேசியது செய்தி வாசிக்கும் குரல் அல்ல. அந்தக் குரலை மகன் இதுவரை கேட்டதே இல்லை.

"நீ எழுந்து போன அன்னிக்கே தட்டைப் பிரிச்சுப் பாத்துட்டேன்டி, நீ சொன்னதுதான் நிஜம். ஆனா மறுநாளே சாலைக்கு அளக்க வந்துட்டாங்க... உண்மையைச் சொல்லியிருந்தா உன் பாதியைத்தானே இடிச்சிருப்பாங்க!"